கயலின் கேள்விக்கு ஒரு பதில்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

"டி.என்.ஏ. பொருந்திவிட்டால் அப்புறம் வழக்கில் என்ன இருக்கிறது?" என்று கயல் கேட்டாளாமே. முப்பது வருஷம் புள்ளியியல் நடத்தியவள் நான், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலை மொட்டை மாடி முழுக்க ஈரம். ராத்திரி மழை பெய்திருக்கிறது என்று மருமகள் துணி காயப்போடாமல் இறங்கி வந்தாள். போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. மழை பெய்தால் மாடி நனையும் என்பது சரி. நனைந்திருப்பதால் மழைதான் என்று ஆகிவிடாது. கோர்ட்டில் இதே தடுமாற்றம் நடக்கிறது. நிரபராதி ஒருவருக்குத் தற்செயலாகப் பொருந்த 30 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்பது ஒரு செய்தி. பொருந்திய இந்த ஆள் நிரபராதியாக இருக்க 30 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்பது முற்றிலும் வேறு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டீன் என்பவர் மீது நடந்த வழக்கில் டி.என்.ஏ. நிபுணரே இரண்டாவதை ஒப்புக்கொண்டு பேசிவிட்டார். மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாகி, மறு விசாரணைக்கு உத்தரவானது.

என்னை அதிகம் உலுக்கியது 1999இல் இங்கிலாந்தில் நடந்த இன்னொன்று. போல்டனில் ஒரு வீட்டில் திருட்டு. அங்கே கிடைத்த தடயம் போலீஸின் டி.என்.ஏ. சேமிப்பில் இருந்த ஒருவரோடு, ஒப்பிட்டுப் பார்த்த ஆறு டி.என்.ஏ. இடங்களில் பொருந்தியது. தற்செயலாகப் பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்பு என்றார்கள். அந்த மனிதர் இருந்ததோ வெகுதூரத்தில், ஸ்விண்டனில். பார்க்கின்சன் நோயாளி, உடுத்திக்கொள்ளவே துணை வேண்டும். ஆனாலும் கைது செய்தார்கள். பத்து இடங்களைப் பார்க்கும் புதிய சோதனை செய்த பிறகுதான் அவர் இல்லை என்று தெரிந்தது.

3.7 கோடி என்றதும் மலைத்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சேமிப்பில் அப்போது சுமார் 7 லட்சம் பேர். ஒரு தடயத்தை அத்தனை பேரோடும் ஒப்பிட்டால், சம்பந்தமே இல்லாத யாராவது ஒருவர் சிக்க ஏறக்குறைய 53இல் ஒரு வாய்ப்பு. அப்படி எத்தனையோ தடயங்களைத் தேடிப் பார்க்கும்போது இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. சந்தேகப்பட்டவரைச் சோதிப்பதும், சோதித்துக் கிடைத்தவரைச் சந்தேகப்படுவதும் ஒன்றல்ல வசந்தி.

டி.என்.ஏ. சோதனையை நான் குறைத்துச் சொல்வதாக கயல் நினைத்துவிட வேண்டாம். 1986இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நடந்த கொலை வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையனை நிரபராதி என்று காட்டியது விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் செய்த இந்தச் சோதனைதான். பொருந்தவில்லை என்று அது சொன்னால் அதன் பலமே தனி. பொருந்துகிறது என்று சொல்லும்போதுதான், அந்த ஆள் அன்று எங்கே இருந்தார், அவரால் அதைச் செய்ய முடியுமா என்பதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டோஹெனி, ஆடம்ஸ் என்ற இருவரின் மேல்முறையீட்டில் இங்கிலாந்தில் 1996இல் வந்த தீர்ப்பை அவளைப் படிக்கச் சொல். பத்து லட்சத்தில் ஒன்று என்றால் பிரிட்டனில் சுமார் 26 ஆண்களுக்குப் பொருந்தக்கூடும், வேறு சாட்சியம் இல்லையென்றால் இவர் அந்த 26 பேரில் ஒருவர், அவ்வளவுதான் என்று நீதிபதிகள் கணக்கை எளிமையாகச் சொல்லியிருக்கிறார்கள். புரியாத இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, தீபாவளி லீவில் இங்கே வரட்டும். நானும் அவளும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறோம்.

அண்ணனை அதற்குள் மாடிப்படி ஏறவிடாதே.

அன்புடன்,
மீனாட்சி