ஐந்நூறு கீசர் சூடு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆந்த்ரேயா ரோசி என்ற இத்தாலியர் குளிர் இணைவில் ஓடும் என்று சொல்லும் சூடாக்கும் எந்திரத்தில், உன் சகலை தன் பி.எஃப். பணத்தைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். குளிர் இணைவு என்றால், சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவை அந்த மாதிரி பயங்கரச் சூடு இல்லாமல் மேஜை மேலேயே நடத்தலாம் என்ற பேச்சு. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பேத்தியைத்தான் படிக்கச் சொன்னேன். கூட வைத்திருந்த காப்புரிமை நகலில் ‘லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு’ வந்ததும் எழுந்து போய்விட்டாள். மீதியை நேற்றுதான் நானே படித்தேன்.

“அமெரிக்காக்காரனே பேடன்ட் கொடுத்துவிட்டான், அப்புறம் என்ன சந்தேகம்?” என்று உன் சகலை கேட்கிறாராம். இருபத்தாறு வருஷம் காப்புரிமை விண்ணப்பம் எழுதிப் பிழைத்தவன் நான். முதலில் தலைப்பைப் பார்க்கச் சொல். ஆந்த்ரேயா ரோசிக்கு 2015 ஆகஸ்டில் கிடைத்ததன் தலைப்பு ‘திரவம் சூடாக்கி’. ஒரு தொட்டி, அதில் ஒரு எரிபொருள் வில்லை, வில்லைக்குள் நிக்கலும் லித்தியமும் அந்த ஹைட்ரைடும், சூடேற்றித் தொடங்கிவைக்க மின்சாரம். உரிமைக்கோரல்களில் அணுக்கரு இணைவு என்ற பேச்சே கிடையாது.

இருந்திருந்தால் கிடைத்திருக்காது. குளிர் இணைவு என்று வரும் விண்ணப்பத்தை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், எதுவும் போடாமலே ஓடும் என்கிற நிரந்தர இயக்க எந்திரத்தைப் போலத்தான் நடத்துகிறது. இயங்காத பொருளுக்குப் பயன் இல்லை, பயன் இல்லாததற்குக் காப்புரிமை இல்லை. மிட்செல் ஸ்வார்ட்ஸ் என்பவர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2000இல் தோற்றார். அதனால் பெயரை மாற்றி எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். ஒருத்தர் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் என்று ஒரு காந்தத்தோடு வந்தார். அப்படியே எழுதினால் சோதனை முடிவு கேட்பார்கள். ‘எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தக் கவ்வி’ என்று எழுதினேன், கிடைத்துவிட்டது. என் ஸ்கூட்டரில் மாட்டிப் பார்த்தேன். வண்டி எப்போதும் போலத்தான் குடித்தது.

இந்தக் குளிர் இணைவு விவகாரமே காப்புரிமை அவசரத்தில் பிறந்ததுதான். 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம், அதைச் சாதித்துவிட்டதாகச் சொன்ன ஃபிளைஷ்மன், போன்ஸ் என்ற வேதியியலாளர்கள் இருவரையும் பத்திரிகையாளர் முன் உட்கார வைத்ததற்கு, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அதே மாதிரி ஆய்வில் இருந்த ஸ்டீவன் ஜோன்ஸ் முந்திக்கொள்வார் என்ற பயமும் ஒரு காரணம். அப்புறம் டொயோட்டா பணத்தில் பிரான்சில் அவர்களுக்கு ஆய்வுக்கூடம் கிடைத்தது. 1.2 கோடி பவுண்ட் செலவான பிறகு 1998இல் அதையும் மூடிவிட்டார்கள்.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். ரோசியோடு இண்டஸ்ட்ரியல் ஹீட் என்ற அமெரிக்க நிறுவனம் 10 கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் போட்டது. முதலில் 15 லட்சம், சோதித்துப் பார்த்ததும் 1 கோடி, ஒரு வருஷம் ஓடிக் காட்டினால் 8.9 கோடி. மயாமி பக்கம் டோரல் என்ற ஊரில், ஒரு கிடங்கில் 1 மெகாவாட் எந்திரம் ஓடியதாக ரோசி சொன்னார். ஒரு மெகாவாட் என்றால் உன் வீட்டு கீசர் மாதிரி ஐந்நூறு, ராத்திரி பகலாக. இவ்வளவு சூடும் அந்தக் கிடங்கை விட்டு எப்படிப் போனது என்பதுதான் பெரிய கேள்வியாகிவிட்டது. நீராவியை வாங்கிய வாடிக்கையாளரே ரோசியின் ஏற்பாடுதான் என்றது எதிர்த்தரப்பு. அவர்கள் பணம் தர மறுக்க, 2016 ஏப்ரலில் ரோசி வழக்குப் போட்டார். 2017 ஜூலையில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சமரசம். எந்திரமும் உரிமமும் ரோசியிடமே திரும்பின. எந்திரம் வேலை செய்ததா என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை.

இதில் என்னைவிட நீதான் நிபுணன். 2011 ஜனவரியில் போலோன்யாவில் ரோசி செய்துகாட்டியபோது வந்த சண்டை நீராவியைப் பற்றியது. ஈரப்பத மானியை உள்ளே விட்டு ‘உலர் நீராவி’ என்றார்களாம். சர்க்கரை ஆலைக் கொதிகலன் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்த உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு கிலோ தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 75 கிலோகலோரி போதும். அதையே முழுக்க ஆவியாக்க இன்னும் 540 வேண்டும். வெந்நீராகவே வழிந்து போனதை ஆவி என்று எழுதிக்கொண்டால், அடுப்பில் ஒரு மாற்றமும் இல்லாமல் கணக்கில் எட்டு மடங்கு சூடு வந்துவிடும். நீ அங்கே இருந்திருந்தால் குழாயை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டு, அது எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கச் சொல்லியிருப்பாய், அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

எல்லாமே புரட்டு என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. குளிர் இணைவைச் சோதித்துப் பார்க்க கூகுள் 1 கோடி டாலர் செலவழித்து, ஒன்றும் தென்படவில்லை என்று 2019இல் நேச்சர் இதழில் நேர்மையாக எழுதியது. 2023இல் ஆற்றல் ஆய்வுக்குப் பணம் தரும் அமெரிக்க அரசின் ஆர்பா-ஈ அமைப்பு எட்டு ஆய்வுக் குழுக்களுக்கு இன்னொரு 1 கோடி ஒதுக்கியது. ஜப்பானில் இதே மாதிரி சூடாக்கி செய்யப் பார்க்கும் கிளீன் பிளானட் என்ற நிறுவனத்தோடு மியூரா என்ற கொதிகலன் கம்பெனி 2021இல் கைகோத்திருக்கிறது. மியூரா உன் ஜாதி, அது என்ன சொல்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான். இவர்களெல்லாம் தோற்றால் தாங்கக்கூடியவர்கள். உன் சகலை கையில் இருப்பது பி.எஃப். பணம். அது போஸ்ட் ஆபீசிலேயே இருக்கட்டும்.

பேத்திக்கு அடுத்த மாதம் பரீட்சை, முடிந்ததும் அங்கே வருகிறோம். அந்தக் காந்தக் கவ்வி இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது. சகலைக்கு வேண்டுமா என்று கேள், காப்புரிமை நகலோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ராமு