குண்டூசி கேட்ட கடிதமும் போர்க் கடிதம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய உங்கள் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படித்துவருகிறேன். 28 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். தலைவர்களின் கடிதங்களைப் பற்றிய சென்ற வாரப் பகுதியை ரொம்ப ஆவலோடுதான் பிரித்தேன். வாஷிங்டனுக்கும் ஹாமில்டனுக்கும் ஜான் ஆடம்ஸுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருந்தீர்கள். ஜானின் மனைவி அபிகேலுக்கு ஒரே ஒரு வரி. 'பெண்களை மறந்துவிடாதீர்கள்' என்று 1776 மார்ச்சில் கணவருக்கு எழுதியவர், அதோடு சரி. என் மனம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடம்ஸ் தம்பதி ஒருவருக்கொருவர் எழுதியவற்றில் 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1774 முதல் ஜான் பெரும்பாலும் பிலடெல்பியாவில், அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய மாநாட்டில்தான் இருந்தார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் நிலத்தையும் நான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் அபிகேல். ஒரு கடிதம் போய்ச்சேர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தலைவர் மாநாட்டில் இருந்தார், ஆனால் போர் நடந்தது மனைவி இருந்த ஊரில். உங்கள் கட்டுரை இதைத் தவறவிட்டுவிட்டது.

1775 ஜூன் 17 அன்று, பாஸ்டனுக்கு எதிரே சார்லஸ்டவுன் பக்கம் பிரிட்டிஷ் படையோடு பங்கர் ஹில் சண்டை. ஏழு வயது மகன் ஜான் குவின்சியைக் கூட்டிக்கொண்டு வீட்டருகே இருந்த குன்றின் மேல் ஏறி, சார்லஸ்டவுன் எரிவதை அபிகேல் பார்த்தார். பிற்பாடு அமெரிக்காவின் ஆறாவது குடியரசுத் தலைவராக ஆனவர் அந்தப் பையன்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குடும்ப நண்பர் டாக்டர் ஜோசப் வாரன் சண்டையில் இறந்துபோனதையும், பீரங்கிச் சத்தத்தில் சாப்பிடவோ தூங்கவோ முடியாமல் தவிப்பதையும் ஜானுக்கு எழுதினார். அதே ஞாயிற்றுக்கிழமை பிலடெல்பியாவில் வாஷிங்டன் தன் மனைவி மார்த்தாவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். படைக்குத் தலைமையேற்கத் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், மறுக்க வழியில்லை என்று சொல்லும் கடிதம் அது.

அடுத்த மாதம், ஜூலை 16 அன்று அபிகேல் எழுதிய கடிதத்தை என்னால் மறக்கவே முடியாது. புதுத் தளபதி வாஷிங்டனை நேரில் பார்த்ததைச் சொல்கிறார். நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னது பாதிகூட இல்லை என்று கணவரிடம் வியக்கிறார். அந்தக் கடிதத்திலேயே, என் குண்டூசியை மறந்துவிடவேண்டாம் என்றும் நினைவூட்டுகிறார்; எனக்கு ஒரு கட்டுக் குண்டூசி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அதற்கு முன்பே ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார். ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கிய குண்டூசி 20 ஷில்லிங் ஆகிவிட்டதாம், அந்த விலைக்கும் கிடைப்பதில்லையாம். இங்கிலாந்துச் சரக்கை வாங்கக்கூடாது என்ற தீர்மானம் பிலடெல்பியாவில் நிறைவேறியது. குண்டூசி இல்லாமல் போனது பிரெயின்ட்ரீ வீட்டில். கணவர் பங்கெடுத்த தீர்மானத்தின் விலையைக் கணவரிடமே எழுதிச் சொன்ன கடிதங்கள் அவை. இதைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்க முடியுமா?

அந்த வருடம் ஊரெங்கும் சீதபேதி. ஆகஸ்டில் ஜானின் தம்பி எலிஹு இறந்தார், அக்டோபர் முதல் தேதி அபிகேலின் தாயார் இறந்தார். 1776 ஜூலையில் அம்மை குத்திக்கொள்ளப் பிள்ளைகளுடன் பாஸ்டன் போனார். ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் 20 வருடம் இருந்த காலம். நோயாளியின் கொப்புளத்துச் சீழையே கீறலில் வைப்பார்கள், உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. அந்த நிலையில்தான் ஜூலை 18 அன்று கூட்டத்தில் நின்று, விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்படுவதைக் கேட்டு அதையும் கணவருக்கு எழுதினார். பிலடெல்பியாவில் உட்கார்ந்து அதை உருவாக்கிய குழுவில் ஒருவர் ஜான். அது மக்கள் காதில் எப்படி விழுந்தது என்று அவருக்குச் சொன்னது மனைவி.

வாஷிங்டன் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குக் குறையில்லை. 2,898 வீரர்கள் காலில் செருப்பும் உடம்பில் துணியும் இல்லாமல் கிடக்கிறார்கள் என்று வேலி ஃபோர்ஜ் பாசறையிலிருந்து 1777 டிசம்பரில் அவர் எழுதியதைச் சரியாகவே எடுத்துக்காட்டியிருந்தீர்கள். 1776 ஆகஸ்ட் 19 கடிதத்தையும் சேர்த்திருக்கலாம். நியூயார்க்கில் பிரிட்டிஷ் படை கண்ணெதிரே நிற்கிறது, எட்டு நாளில் பெரும் தோல்வி வரப்போகிறது. அவரோ வீட்டின் இரண்டு பக்கமும் என்ன மரம் நடவேண்டும் என்று மவுண்ட் வெர்னான் பண்ணையைக் கவனித்துவந்த உறவினருக்கு எழுதுகிறார்.

ஆனால் மார்த்தாவுக்கு அவர் எழுதியவை? அவர் இறந்த பிறகு மார்த்தா எல்லாவற்றையும் எரித்துவிட்டார். விரல்விட்டு எண்ணும் சில மட்டும் தப்பின. அலுவல் கடிதங்களை எழுத்தர்களை வைத்து 1781 முதல் பிரதியெடுத்து 44 தொகுதிகளாகச் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக் கடிதங்கள் சாம்பலாகிவிட்டன. வாஷிங்டன் நமக்குச் சிலைபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. ஆடம்ஸ் வீட்டில் இரண்டு பக்கமும் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியதையும் ஒரு வரியில் முடித்தால் எப்படி?

இன்னொன்று. 1777 ஜூலை 10 அன்று, பிரசவ வேதனை தொடங்கிய நேரத்தில் அபிகேல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நடுவில் வலி வருகிறது. தப்பிக்க முடியாததைத் தாங்கியாக வேண்டும், பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று எழுதுகிறார். வலி விட்டதும் மறுபடி பேனாவை எடுத்து அதே தாளில் தொடர்கிறார். மறுநாள் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள். அந்த மாத முடிவிலேயே, காப்பிக்கொட்டையைப் பதுக்கிய பாஸ்டன் வணிகரின் கழுத்தைப் பிடித்து வண்டியில் தள்ளி, கிடங்குச் சாவியை வாங்கிய பெண்கள் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறார். ஆண்கள் வாயடைத்து வேடிக்கை பார்த்தார்களாம். குழந்தையை இழந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு தாய் இதையெல்லாம் கேட்டறிந்து எழுதியிருக்கிறார்.

அடுத்த வாரம் சரடோகா வெற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். சரடோகா அந்த 1777 அக்டோபரில்தான். படைகளின் நகர்வுப் படத்துக்குப் பக்கத்திலேயே அந்த ஜூலை மாதக் கடிதங்கள் இரண்டையும் சுருக்காமல், முழுசாகத் தமிழில் போடுங்கள். இடம் போதாதென்றால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மயிலாடுதுறை