மூப்பர்களே, பின்தெருவுக்கும் வாருங்கள்

திருநெல்வேலிச் சீமையின் சேகரக் கமிட்டிகளிலும் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள பல ஊர்ச் சபைகள் சேர்ந்ததே சேகரம்) தனிச் சபைகளிலும் மூப்பர் என்று அழைக்கப்படும் பெரியவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

கோயில் பிரதிஷ்டையான நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையின் அழைப்பிதழ் கிடைத்தது. தேவ செய்தி கொடுப்பவருக்கு ஒரு வரி, உங்கள் பெயர்களுக்கு ஒன்றரைப் பக்கம். இருக்கட்டும். அசனம் என்ற சபை விருந்துக்கு அரிசி மூட்டை சுமந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். என் வருத்தம் வேறு. கோயிலுக்குப் பின்தெருவில் இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடக்கும் ஒரு பாட்டி, ஞாயிறுதோறும் ஒலிபெருக்கியில் ஆராதனை கேட்கிறார். அவர் வீட்டுக்குச் சபைக்குக் கொடுக்கும் சங்கக் காணிக்கையின் நோட்டு தவறாமல் போகிறது. மூப்பர் போவதில்லை.

வேதாகமத்தில் யாக்கோபு 5:14 யாரை வரவழைக்கச் சொல்கிறது? வியாதிப்பட்டவர் சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும். அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். குருவானவருக்குப் பல ஊர்ச் சபைகள். திருவிருந்து ஆராதனைக்கு முறை வைத்துத்தான் வருகிறார். சபை ஊழியர் ஒருவரே எல்லா வாசலும் ஏற முடியுமா? இப்போது அந்தப் பாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பவர் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர். அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை.

1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தவர்களில் மூப்பர்களைக் கொண்டு சபையை நடத்தும் பிரஸ்பிட்டேரியன் வழியினரும் உண்டு. அவர்களுடைய மரபில் மூப்பரை ஜெபத்தோடு பிரதிஷ்டை செய்வார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆங்கிலிக்கன் வழிவந்த நம் சீமையில் கமிட்டிக்கு வாக்குச் சீட்டு. தேர்தல் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அணி பிரித்து, ஜாதி பார்த்து, விருந்து வைத்து வாக்குச் சேர்க்கிற ஆண்டில் மட்டும் நீங்கள் எங்கள் திண்ணையில் உட்காருகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். எபேசு மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்த பவுல், ஒருவருடைய வெள்ளிக்கும் பொன்னுக்கும் தான் ஆசைப்படவில்லை என்று தன் கைகளைக் காட்டிப் பேசினார். அப்படிக் கை நீட்டிக் காட்ட நம்மில் எத்தனை பேர்?

கணக்குக் கேட்டால், மூப்பர்மேல் குற்றம் சொல்ல இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19ஐ எடுக்கிறீர்கள். சரிதான். பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிற 20ஆம் வசனத்தைக் கமிட்டியில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். மாதக் கூட்டத்தில் வரவு செலவுக்கு முன்னால், படுக்கையில் இருக்கிறவர்களின் பெயர்களை வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு மூப்பர்கள் பொறுப்பு. போனார்களா என்று அடுத்த மாதம் கேளுங்கள். போகாதவர் பெயரை அடுத்த அழைப்பிதழில் விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
பின்வரிசைப் பாயில் உட்காரும் சபையார் ஒருவன்