எட்டு போட்டாள், கண்ணாடியை மடக்கிவிட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பேருந்தில் 31 வருஷம் ஸ்டியரிங் பிடித்து ஓய்வுபெற்றவன் நான். ஹெல்மெட் அபராதம் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது, நல்லது. லைசென்ஸ் கொடுக்கும் இடத்தில் நடப்பதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று போன மாதம் தோன்றியது. 19 வயதுப் பேத்தியோடு ஸ்கூட்டர் டெஸ்டுக்குப் போயிருந்தேன்.

காலை ஒன்பது மணிக்கே மைதானத்தில் நல்ல கூட்டம். பயிற்சிப் பள்ளித் தம்பி வந்தார். எட்டில் வளையும்போது கண்ணாடியைப் பார்த்தால் கவனம் சிதறும் என்று சொல்லி, வண்டியின் இரண்டு கண்ணாடிகளையும் உள்பக்கமாக மடக்கிவிட்டார். “காலை மட்டும் கீழே ஊன்றிடாதேம்மா, பிரேக் இன்ஸ்பெக்டர் அதைத்தான் பார்ப்பார்” என்றார். அவளும் ஊன்றாமல் மெதுவாக ஒரு எட்டு போட்டுத் திரும்பினாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாஸ். நானும் கைதட்டினேன், பொய் சொல்வானேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் முன்னால் போக, நான் என் டி.வி.எஸ். 50-ல் பின்னால் வந்தேன். முக்கில் வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டாள். அது சரி. ஆனால் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காமலே திரும்பினாள். வந்துகொண்டிருந்த மினி பஸ் டிரைவர் பிரேக்கில் ஏறி நின்று வண்டியை நிறுத்தினார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஓரமாக நிறுத்திப் பார்த்தால், மைதானத்தில் மடக்கிய கண்ணாடிகள் அப்படியே மடங்கிக் கிடக்கின்றன.

எட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டி கைக்கு அடங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் எட்டுக்குள் ஆடு குறுக்கே வராது, ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்காது, பின்னால் இருந்து எவனும் ஹாரன் அடிக்க மாட்டான். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். டெஸ்டுக்கு வருகிறவர் கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும், மேட்டில் வண்டியைப் பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும், பத்திரமாக முந்த வேண்டும், சரியான நேரத்தில் சிக்னல் காட்ட வேண்டும் என்று வரிசையாக இருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. எழுதி வைத்திருப்பதைச் சோதித்தால் போதும்.

இன்னொன்று, இது டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரிவது. பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இடது பக்கமாக நுழைகிற இரு சக்கர வண்டி, முன் சக்கரத்தை ஒட்டி வந்துவிட்டால் எங்கள் கண்ணுக்கே படாது. ஓட்டுகிறவரோ, ‘இவ்வளவு பெரிய பஸ் எனக்குத் தெரிகிறது, என்னை அவருக்குத் தெரியாதா’ என்று நினைத்துக்கொள்கிறார். சர்வீசில் நான் எத்தனை முறை கண்டக்டர் விசில் சத்தத்தால் தப்பித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்தேன். எதிர் வீட்டுத் தம்பியிடம் டாரஸ் லாரி இருக்கிறது. பேத்தியை அதன் டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். சாவி என் சட்டைப்பையில். இறங்கிப் போய் இடது பக்கம் முன் சக்கரத்தை ஒட்டி நின்றுகொண்டு, “நான் தெரிகிறேனா?” என்று கத்தினேன். “எங்கே தாத்தா இருக்கீங்க?” என்று மேலே இருந்து குரல் வருகிறது. ஒரு அடி நகர்ந்தேன், இன்னும் தெரியவில்லை என்றாள். நாலைந்து தப்படி விலகிப் போன பிறகுதான் என் தலை தெரிந்ததாம். இறங்கி வந்தவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் வாங்கிய பிறகு டெஸ்டுக்கு எப்படியும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் ஐந்தே நிமிஷம், நிறுத்தி வைத்த பஸ்ஸிலோ லாரியிலோ ஒவ்வொருவரையும் இப்படி உட்கார வைக்க ஏற்பாடு செய்ய முடியாதா? போக்குவரத்துத் துறை அதிகாரிகள் உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் சர்டிபிகேட்டோடு போய் நின்று ஹெவி லைசென்சைப் புதுப்பித்தோம். இப்போது அது ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. பேத்திக்குக் கொடுத்த லைசென்சோ அவளுக்கு 40 வயது ஆகும்வரை செல்லும். 21 வருஷத்துக்கு இனி யாரும் அவளை ஓட்டிக் காட்டச் சொல்லப் போவதில்லை.

கார்டு தபாலில் வந்துவிட்டது. இன்று காலை காலேஜுக்குக் கிளம்பும் முன் இரண்டு கண்ணாடியையும் விரித்துச் சரிசெய்தாள். இடது கண்ணாடியின் திருகு தளர்ந்து போயிருக்கிறது, குழியில் இறங்கினால் தானாகவே கவிழ்ந்துகொள்கிறது. சாயங்காலம் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டுநர்,
மதுரை மாவட்டம்.