பன்றித் தொழுவத்தோடு நின்ற பிரசங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா ஊர்களில் கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டங்கள், அதாவது மனந்திரும்ப அழைக்கும் பிரசங்கக் கூட்டங்கள், பெருகுவது பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். எங்கள் பொறையாறு பக்கமும் ஒன்று நடந்தது. சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, தகப்பனிடம் திரும்பும் மகனைப் பற்றி இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையை எடுத்துக்கொண்ட பிரசங்கியார், முக்கால்வாசி நேரம் பன்றித் தொழுவத்திலேயே நின்றார். பிறகு நரகம், அக்கினி, கடைசி எச்சரிப்பு. ஜனங்கள் அழுதார்கள், கை உயர்த்தினார்கள். தகப்பன் மட்டும் கடைசிவரை வரவேயில்லை!

அந்தக் கதை இருக்கும் வேதாகமத்தின் லூக்கா 15-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்ல மகன் வழியெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்து வருகிறான். அதை அவன் சொல்லி முடிக்கவே இல்லை. அவன் வாய் திறக்கும் முன்பே தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாயிற்று. "பாவம் செய்தேன்" என்று அவன் சொல்வது அதற்குப் பிறகுதான். முப்பது வருடம் தமிழ் வகுப்பெடுத்தவள் நான். கதையில் எது முன், எது பின் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மனந்திரும்புதல் வேண்டாம் என்று யார் சொன்னது? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே வாய்க்காலைத் தூர்வாருகிறோம். தண்ணீரே வராது என்று மிரட்டிப் பாருங்கள், மண்வெட்டியை யார் தொடுவார்? மனந்திரும்புதலும் அப்படித்தான்.

1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு தஞ்சைக்குப் போன ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை நினைத்துக்கொள்கிறேன். ஹைதர் அலியின் படையெடுப்பில் தஞ்சைச் சீமை பஞ்சத்தில் தவித்தபோது, வாங்கிச் சேர்த்திருந்த அரிசியைப் பசித்தவர்களுக்குக் கொடுத்தவர் அவர். இரண்டாம் சரபோஜி மன்னர் கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் சுவார்ட்ஸுக்காகப் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்தார். தஞ்சை சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய கிறிஸ்தவ தேவாலயத்தில் இன்றும் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் தெருக் கொத்தனார் குடியை விட்டது எந்தக் கூட்டத்திலும் அல்ல. சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, போதகருக்கு உதவியாக ஊழியம் செய்யும் எங்கள் சபை உபதேசியார் தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "ஏன் ஐயா, என்னைத் திட்டவே மாட்டேங்கிறீங்க?" என்று கடைசியில் கொத்தனாரே கேட்டாராம். "கர்த்தர் உன்னைத் திட்டலையேப்பா" என்றாராம் இவர். கால் கூடியபின் கொத்தனார் கடைப் பக்கம் போகவில்லை. வெள்ளையடிக்கிற வேலை வந்தால் எங்கள் சபைக் கோயிலுக்குக் கூலி வாங்காமல் செய்கிறார். வாங்கச் சொன்னால் கோபம் வருகிறது.

அடுத்த கூட்டத்துக்கு ரசீதுப் புத்தகத்தோடு வரப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பந்தலையும் ஒலிபெருக்கியையும் பாதியாகக் குறைத்து, அந்தப் பணத்தைப் படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கிற உபதேசியார்களுக்குப் பெட்ரோல் காசாகக் கொடுங்கள். என் பங்கை இப்போதே தருகிறேன், ரசீதும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பொறையாறு, மயிலாடுதுறை மாவட்டம்