பதினான்கு வயதோடு நின்றுவிடும் பாதுகாப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஸ்வீடன் நடிகர் பியோர்ன் ஆன்ட்ரேசன் 2025 அக்டோபரில் தமது 70ஆவது வயதில் காலமானார். அவரைப் பற்றி கிறிஸ்டினா லிண்ட்ஸ்ட்ரோமும் கிறிஸ்டியன் பெட்ரியும் எடுத்த ‘தி மோஸ்ட் பியூட்டிஃபுல் பாய் இன் தி வேர்ல்ட்’ (2021) ஆவணப்படத்தை, பிள்ளையை நடிக்க அனுப்பும் பெற்றோர் அவசியம் பார்க்க வேண்டும்.

அதில் 1970இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நடிகர் தேர்வின் பழைய படச்சுருள் வருகிறது. ‘டெத் இன் வெனிஸ்’ படத்துக்காக இத்தாலிய இயக்குநர் லுக்கினோ விஸ்கோந்தி நாடு நாடாகப் பையனைத் தேடி அங்கே வந்திருக்கிறார். ஆன்ட்ரேசனுக்கு 15 வயது. சிரிக்கச் சொல்கிறார்கள், சிரிக்கிறான். சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று திகைத்துச் சிரிக்கிறான், பிறகு கழற்றுகிறான். சுற்றிலும் பெரியவர்கள். அவன் சார்பில் “வேண்டாம்” என்று சொல்ல ஒருவரும் இல்லை. சின்ன வயதிலேயே தாயை இழந்தவன் அவன். நடிக்க அனுப்பியது பாட்டி.

படப்பிடிப்பைவிட, படம் வெளியான பிறகு நடந்தவைதான் அவரை அதிகம் சிதைத்தன. 1971இல் லண்டன் சிறப்புக் காட்சியின்போது ‘உலகின் மிக அழகான பையன்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அடுத்து கான் திரைப்பட விழா. பிறகு ஜப்பானில் விளம்பரங்கள், இசைத்தட்டுகள், ரசிகர் கூட்டம். ஓய்வின்றி வேலை வாங்க அங்கே மாத்திரை கொடுத்தார்கள் என்று ஆவணப்படத்தில் அவரே சொல்கிறார். 2003இலும் அவருடைய இளவயதுப் படம் ஒரு புத்தக அட்டையில் வந்தது. அனுமதி கேட்கப்பட்டது புகைப்படக்காரரிடம். படத்தில் இருந்தவரிடம் அல்ல.

நம் நாட்டில் 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளில் குழந்தை நடிகர்களுக்காக உள்ளவை (விதி 2சி) நல்ல விதிகள்தான். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகப் போக வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 14 வயது நிரம்பாதவர். அன்றைய ஆன்ட்ரேசன் இன்று நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தால் இந்த விதி அவரைத் தொடாது! குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் வளரிளம் பருவத்தினரையும் சேர்த்துப் பேசுகின்றன என்றாலும், வழிகாட்டுதல் வேறு, விதி வேறு. கலிபோர்னியாவில் சிறுவர் நடிகர்களின் வருமானத்தில் 15 சதவீதத்தை ஒதுக்கிவைக்கும் கூகன் சட்டம் 18 வயது வரை காக்கிறது. உடலும் மனமும் மாறுகிற, வெளியார் பார்வை அதிகம் விழுகிற வயதில்தான் நாம் கையை விடுகிறோம்.

மத்திய அரசு விதி 2சியை 18 வயது வரை நீட்டிக்க வேண்டும். அதுவரை 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் இவற்றையே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். நடிகர் தேர்வு நடக்கும் அறையில் பிள்ளையிடம் என்ன செய்யச் சொல்வார்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள், உள்ளே உட்காருங்கள். பாடல் வெளியீடு, பேட்டி, கடைத் திறப்பு எல்லாம் அந்த 5 மணி நேரக் கணக்கில் சேர வேண்டும். 20 சதவீத வைப்புச் சீட்டின் நகலை ஒவ்வொரு தவணையின்போதும் வாங்குங்கள்.

பெற்றோர் பெரும்பாலும் படிக்காமல் கையெழுத்திடுவது பிள்ளையின் புகைப்படங்களைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய பத்தியில். ‘எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்’ என்று இருந்தால் அடித்துவிட்டு, எந்தத் திரைப்படத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். 18 வயதானதும் பிள்ளையிடமே மறுபடி சம்மதம் கேட்க வேண்டும் என்ற வரியையும் சேருங்கள்.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர்கள் சிலர்,
மதுரை.