அந்தச் சொல்லைச் சொன்னது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான சிறுகதையில், 'தையல் கடையிலிருந்து அந்த ஒம்போது இடுப்பை நெளித்துக்கொண்டு வந்தது' என்றொரு வரி இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரோ பேசுகிற வசனமாக அது வரவில்லை. கதாசிரியர் தம் சொந்தக் குரலில் சொல்லிச் செல்லும் வரி அது. கதையில் வருகிற ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது. அந்தத் தையற்காரருக்குக் கடைசிவரை பெயர் இல்லை, 'வந்தான்' என்று சொல்லப்படும் தகுதியும் இல்லை. ஓவியரும் விரல்களை மடக்கி உதட்டைச் சுழித்து நிற்கும் ஓர் உருவத்தை அரைப்பக்கத்துக்கு வரைந்திருக்கிறார்.

பெண்மைச் சாயல் உள்ள ஆண்களையும் திருநங்கையரையும் இழிவுபடுத்தும் 'ஒம்போது' என்ற இந்தச் சொல்லே கதைகளில் வரக்கூடாது என்று நான் கேட்கவில்லை. தெருவில் நாளெல்லாம் புழங்கும் வசை, கதை மாந்தரின் வாயில் மட்டும் வராமல் போனால் அந்தக் கதை பொய். நான் படித்த பள்ளியில், வருகைப்பதிவின்போது ஒன்பதாம் எண்காரன் 'உள்ளேன் ஐயா' என்று எழுந்தாலே வகுப்பு சிரிக்கும். ஓர் ஆண்டு அந்த எண் எனக்கு வந்தபோது, வகுப்பாசிரியர் என் நடையைப் பார்த்துவிட்டு, 'பொருத்தமாத்தான் அமைஞ்சிருக்கு' என்றார். ஆண்கள்மீதுதான் எனக்கு ஈர்ப்பு என்பது எனக்கே தெளிவாகப் பிடிபடாத வயது அது. அந்த வகுப்பறையை ஒருவர் எழுதினால், பையன்கள் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கூடவே, இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் போகப் பயந்து, தண்ணீரே குடிக்காமல் மாலைவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனும் அந்தக் கதையில் இருக்க வேண்டும். வசையை அப்படியே எழுதிவிட்டு, அதைக் கேட்டவனை எழுதாமல் விடுவதுதான் என்னை வருத்துகிறது.

கேட்டால் யதார்த்தம் என்கிறார்கள். மற்ற வசைகளுக்கு இந்த யதார்த்தம் பொருந்துவதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகத் தங்கள் இதழிலேயே பார்த்து வருகிறேன். தாயைப் பழிக்கும் சொல்லுக்கு முதலெழுத்தோடு நிறுத்திப் புள்ளி வைக்கிறீர்கள். சாதியைச் சொல்லி ஏசும் இடத்தில், 'சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினான்' என்ற அளவில் கடந்துவிடுகிறீர்கள். இரண்டும் சரியே. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் புள்ளியும் இல்லை, தயக்கமும் இல்லை. தீபாவளி மலரின் துணுக்குப் பக்கத்திலும் இதேதான் நடந்தது. அப்போது நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு வரிப் பதில்கூட வரவில்லை.

ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்தோர் மனமொத்து உறவுகொள்வது குற்றமல்ல என்று 377ஆம் பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தபோது, வரவேற்றுத் தலையங்கம் எழுதியவர் தாங்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021இல் ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்களின் வழக்கில் உத்தரவு எழுதுவதற்கு முன்பாக உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து தன்பாலீர்ப்பைப்பற்றிக் கேட்டறிந்ததும், அந்த வழக்கின் தொடர்ச்சியாக தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டதும் தாங்கள் அறியாதவை அல்ல. தனக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத நீதிபதிக்கு இருந்த பொறுமை, மனித மனத்தையே எழுதுகிறோம் என்று சொல்லும் கதாசிரியர்களுக்கு ஏன் இல்லாமல் போனது என்று தாங்கள்தான் அவர்களைக் கேட்க வேண்டும்.

என் கோரிக்கை சிறியது. ஒரு கதையில் இந்தச் சொல் வந்தால், அதைச் சொல்வது பாத்திரமா, கதைசொல்லியா என்று துணையாசிரியர் ஒருவர் எழுத்தாளரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, அதன்பின் அச்சுக்கு அனுப்பட்டும். இந்தக் கடிதத்தின் நகலைச் சென்ற இதழின் கதாசிரியருக்கும் அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாவேன். தங்கை மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கும்பகோணம்.